உள்பக்கக் கலப்பத்து

தெரியவில்லை என்று சொன்னால் போதும். தொரை, நான் கெழவன், கண்ணு மங்கிப்போச்சு, கையும் மரத்துப்போச்சு, அடையாளம் தெரியல. இவ்வளவுதான். அதற்குமேல் அறுபது தாண்டியவனைப் போட்டுக் குடைய மாட்டார்கள் என்று அரியமுத்து காலையிலிருந்து ஏழெட்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு முறையும் 'கையும் மரத்துப்போச்சு' என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. கண் மங்கியது உண்மை. கை மரத்தது பொய். பரங்கிப்பேட்டையிலிருந்து தெற்கே ரெண்டு நாள் நடைத் தூரத்தில் இருந்த கும்பினிக் கோட்டைக்குள் கோர்ட்டு நடக்கும் கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில், சாட்சிகளுக்கென்று ஒரு நீளப் பலகை போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய வலது கை, தன் பாட்டுக்குப் பலகையின் சந்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு நெல் நுழைகிற அளவு சந்து. இதற்கு ரெண்டு இழைத் திரி போதும், மூணு வைத்தால் பிதுங்கும் என்றது விரல். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கப்பல் பலகைகளின் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசித் தண்ணீரை வெளியே நிறுத்துகிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பரங்கிப்பேட்டை ஆற்றங்கரையில் நாற்பத்தைந்து வருஷமாக அந்த வேலை. அவரும், பிறகு அவரும் மகன் வைத்தியும். வைத்தியை நினைக்கக் கூடாது, அடையாளம் தெரியல என்கிற வாசகத்தை மட்டும் நினைக்க வேண்டும் என்று எண்ணியபோதே, இடது கையில் உளிச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கும் பையன் நினைப்பில் வந்துவிட்டான்.

இடது கைக்காரன். முதல் நாளிலேயே சொன்னார், வலது கைக்கு மாற்றிக்கொள், உன்னோடு எதிரே நின்று அடிப்பவனுக்கு இடைஞ்சல் என்று. மாற்றிக்கொள்ளவில்லை. திரி முறுக்கினாலும் எதிர் முறுக்கு. ஆயிரம் திரியைக் கலந்து கொட்டினாலும் அவன் முறுக்கினதை இருட்டில் பொறுக்கி எடுத்துவிடலாம். அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடத்தின் சன்னல் வழியே உள்ளே பேசுவது விட்டு விட்டுக் கேட்டது. எதிர்த்தரப்பின் சாட்சி பேசிக்கொண்டிருந்தான், கப்பித்தான் மென்தீசின் ஆள், கப்பல் வேலையாட்களுக்குத் தலைவனான சாரங்கு. வழக்கு இதுதான். உதுமான் மரைக்காயரின் கப்பல் 'காதர்மீரா' மூன்று வருஷத்துக்கு முந்திப் புரட்டாசிக் கடைசியில் கடல் தாண்டிக் கிழக்கே உள்ள அச்சைக்குத் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு பேரோடு புறப்பட்டுப் போனது. அச்சைக்குப் போய்ச் சேரவில்லை. இந்த வைகாசியில் மென்தீசு இந்தத் துறைமுகத்தில் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினான். பாய்மரம் புதிது, வர்ணம் புதிது, பெயர் 'சந்தந்தோணி'. மரைக்காயர் கரையிலிருந்து பார்த்தார், அன்றைக்கே பிராது கொடுத்தார். மென்தீசு மறைக்காமல் பதில் சொன்னான். கிழக்கே மேர்கித் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு தீவின் மணலில் பாய்மரம் முறிந்து கிடந்த கப்பல்தான், இழுத்துப் பழுது பார்த்தேன், ஆனால் அது பெகு நாட்டில் கட்டினது, அதற்குச் சொந்தக்காரனான பெகுக்காரனிடம் விலைக்கு வாங்கினேன், மரைக்காயருடையது அல்ல. தீவில் கிடந்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு இல்லை. உள்ளே என்ன கிடந்தது என்பதிலும் தகராறு இல்லை. அதைத்தான் சாரங்கு இப்போது சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு பேரின் எலும்பு. அடித்தட்டில் நாலு, மேலே மூன்று. தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் காய்ந்து பட்டை விட்டிருந்தது. மணலில் குழி தோண்டிப் புதைத்தோம். துபாஷி இதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார், எழுதுகிறவரின் இறகு கீச்சிட்டது.

இருபத்திரண்டில் ஏழு போனால் பதினைந்து. ஏழு என்று முதலில் கேள்விப்பட்ட நாளிலிருந்து அரியமுத்து இந்தக் கழித்தலைப் போட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து பேர் எங்கே? படகு இறக்கிப் போயிருக்கலாம். வேறு கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். கிழக்கே எவ்வளவோ தீவு, எவ்வளவோ ராஜா, பிடித்து வைத்து வேலை வாங்குகிற ஊர்கள் இருக்கின்றன என்று கேள்வி. பதினைந்தில் ஒருத்தன் வைத்தியாக இருக்கக் கூடாதா? அந்தக் கப்பல் காதர்மீராவே இல்லையென்றால் இருபத்திரண்டு பேருமே எங்கேயாவது இருக்கலாம். காதர்மீராவாகவே இருந்தாலும் இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்பு ஓடவில்லை. முந்தாநாள் கப்பலுக்குள் இறங்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஓடியிருக்கும். பொய் சொன்னால் வம்சம் அற்றுப்போகும் என்று, கூட்டிவரும்போது, சத்தியத்துக்குத் துளசித் தண்ணீர் கொடுக்கிற அய்யர் எச்சரித்திருந்தார். எந்த வம்சம் என்று கேட்கத் தோன்றியது. வைத்திக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் கப்பலேறினவன். கரையில் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தவனை, வழியில் ஒழுகினால் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, நாந்தானே சரி என்று அனுப்பினேன், என் கை மாதிரிக் கை, நம்பிக் கூட்டிப்போங்க என்று நாந்தானே சொன்னேன். சொன்ன வாய்க்குக் காதர்மீராவின் தலைவன், மரைக்காயரின் தம்பி, நகுதா சேகனா, ஒரு வெற்றிலைச் சுருள் கொடுத்தான். அதன் காரம்கூட நினைவிருக்கிறது.

பச்சைவாழிக்கு இருபத்து நாலு வயது. மருமகள். கப்பல் போன மறு வருஷம் மாசியில் அவள் சரியாகச் சோறு தின்பதை விட்டுவிட்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஒரு நாள் மத்தியானம், அவர் துறையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே, நாகூர்க் கப்பல்காரன் ஒருத்தனைப் பார்த்தேன், அச்சைக் கடைத்தெருவில் நம்ம வைத்தியைப் பார்த்தானாம் என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு வரவில்லை. தண்ணீரை ஊற்றும்போது வாயிலிருந்து வந்தது. அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்காமலே, தனியாவா இருந்தாராம் என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு மூச்சு நேரம் தாமதித்துவிட்டார். அந்தத் தாமதத்தையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும் மாமா. எங்கயோ ஒரு எடத்துல சோறு தின்னுக்கிட்டு இருந்தா சரி" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே தின்ன ஆரம்பித்தாள். அதற்கப்புறம் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் அந்த இல்லாத பெண்ணோடு சண்டை. அவளுக்கு நெத்திலி ஆயத் தெரியுமோ தெரியாதோ, புளி கூடப் போட்டால் அவருக்கு வயிறு ஆகாது என்று எவள் போய் அவளுக்குச் சொல்வது, சிறுக்கி என்ன நிறமோ. பக்கத்து வீட்டுக்காரிகள் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக்கொண்டு பூ வைத்துக்கொள்வாள். அரியமுத்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வெளியே வலைக்காரர்களோடு உட்கார்ந்திருப்பார், நல்ல காரியம்தான் செய்தோம் என்று. இப்போது பலகையில் உட்கார்ந்திருக்கும்போது வேறு மாதிரிப் பட்டது. அவர்கள் ஜனத்தில் தாலி அறுத்தவளுக்கு மறுதாலி கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அப்போதே அண்ணன்மார் வந்து கூட்டிப்போயிருப்பார்கள், இந்நேரம் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்திருக்கும். யாருக்காக அந்தப் பொய்? அவள் சோறு தின்பதற்காகவா, அவளுடைய கைச் சோறு தனக்குக் கிடைப்பதற்காகவா? வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தத்துக்காகவா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு திரும்பிக்கொண்டது. அடையாளம் தெரியல. தொரை, நான் கெழவன்.

மரைக்காயர் உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலாளி, வேலைக்காரன் என்கிற கணக்கெல்லாம் பார்க்காமல் அதே பலகையில். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்குக் கப்பல் வேணாம் அரியமுத்து. அதைக் கும்பினிக்காரன் எடுத்துக்கிட்டாலும் சரி. எந் தம்பி எந்த மண்ணுல கெடக்கான்னு தெரியணும். தெரிஞ்சா ஒரு தடவை போயி அங்க நின்னு தொழுதுட்டு வந்துடுவேன்" என்றார். அரியமுத்துவுக்குச் சொல்லத் தோன்றியது, நீங்க தெரிஞ்சுக்கணும்னு கெடக்கிறீங்க, நான் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு கெடக்கிறேன் என்று. சரிங்க மரைக்காயரே என்று மட்டும் சொன்னார்.

தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு வழி முந்தாநாளோடு அடைபட்டுவிட்டது. கோர்ட்டுச் சேவகன் ஒருத்தன், எழுதுகிற ராயசம் ஒருத்தர், இரண்டு தரப்பிலும் ஒவ்வொரு ஆள், இவர், ஐந்து பேராகக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கினார்கள். வெளிப்பக்கம் முழுக்க மென்தீசு பழைய பலகையின் மேலேயே புதுப் பலகையும் புதுக் கலப்பத்தும் போட்டிருந்தான், அதில் ஒன்றும் இல்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் உள்விலாவைத் தடவிக்கொண்டே போனார். மூன்றாம் விலாவுக்கும் ஐந்தாம் விலாவுக்கும் நடுவில், இடுப்புயரத்தில், கையை விரித்து அளந்தால் இரண்டு பாக நீளத்துக்கு உள்பக்கமிருந்து அடைத்திருந்தது. பஞ்சுத் திரி இல்லை. துணி. கை பட்டதும் விளக்கைச் சேவகனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாய்த்துணி கொஞ்சம். கட்டம் போட்ட கைலி கொஞ்சம். வேட்டி. தலைப்பாகை. ஒரு முழம் மட்டும் மிருதுவான மஸ்லின், அப்படி ஒரு துணி அந்தக் கப்பலில் நகுதாவின் தலையில்தான் இருந்தது. ஆளாளுக்கு உடுத்தியிருந்ததை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கிழித்துச் சேர்த்து ஒரே கை முறுக்கியிருந்தது. எதிர் முறுக்கு. உளி இல்லை, உளி இருந்தால் பலகை விளிம்பில் கீறல் விழும். மரத்துண்டைச் சீவி வைத்து எதனாலோ அடித்திருக்கிறான். அடிகள் இடமிருந்து சரிந்து விழுந்திருந்தன. ஒரு துண்டை உருவிக் கொடுங்கள், கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று ராயசம் கேட்டார். உருவிப் பார்த்தார், வரவில்லை. மூன்று வருஷம் கழித்தும் வரவில்லை. கடைசியில் இரும்பு வைத்து நெம்பினார்கள், மகனுடைய வேலையைத் தகப்பன் நெம்பினார். அப்போதுதான் கழித்தல் கணக்கு செத்தது. பெருகுகிற தண்ணீரில் நின்று இதை அடித்தவன் படகில் ஏறிப் போனவன் அல்ல, கப்பலோடு நின்றவன். அதைவிட ஒரு நினைப்பு, ஏணியில் ஏறும்போது வந்தது, இன்றைக்குவரை இறங்கவில்லை. இது பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் விட்டிருந்தால் கப்பல் ஒரு நாழிகையில் போயிருக்கும், தண்ணீர், இருட்டு, முடிந்தது. பிடித்ததால் மிதந்தார்கள். பாய்மரம் இல்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல், எத்தனை நாள் மிதந்தார்கள்? நாக்கு தடித்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு. நான் கற்றுக்கொடுத்த வேலை. கொஞ்சம் மோசமாகக் கற்றுக்கொடுத்திருந்தால் அவனுக்கு ஒரு நாழிகையில் முடிந்துபோயிருக்கும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கூடத்துக்குள் போனதும் முதலில் குளிர்ச்சியாக இருந்தது, பிறகு புழுக்கமாக. மேடையில் துரை, அவருக்குக் கீழே துபாஷி, பக்கத்தில் மேசையில் ராயசம். துளசித் தண்ணீரைக் கையில் வாங்கிக் குடித்தார். மரைக்காயரின் வக்கீல் கேட்டதற்கெல்லாம், இன்னதென்று சரியாகச் சொல்ல முடியவில்லை, வயசாகிவிட்டது என்று இழுத்தார். மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்து மென்தீசின் வக்கீல் ரங்கய்யா சந்தோஷமாக எழுந்து வந்தார். முகத்துக்கு நேரே நின்று மெதுவாக, மரியாதையாகவே கேட்டார்.

"கலப்பத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது உங்க வழக்கம்?"

"வெளிப்பக்கம்."

"உள்பக்கமிருந்து?"

"கெடையாது. உள்ள இருந்து அடிச்சா கடல் வெளிய இருந்து தள்ளும். திரி பிதுங்கி உள்ள வந்துடும்."

"அப்ப உள்பக்கம் அடைச்சவன் உங்க கரை வேலைக்காரன் இல்லை."

கதவு திறந்து கிடந்தது. போக வேண்டியதுதான் பாக்கி. உள்ள இருந்து அடிக்கிறவன் கலப்பத்துக்காரனே இல்லை என்று வைத்திக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார், அதையே இப்போது இங்கே சொன்னால் வழக்கு முடிந்தது. பச்சைவாழி நாளை மறுநாளும் பாத்திரம் விளக்கிக்கொண்டே அச்சைக்காரியைத் திட்டுவாள். எங்க கரையில அப்படி அடிக்கிறதில்லீங்க என்றார். துபாஷி சொன்னார், இறகு கீச்சிட்டது. முடிந்தது. ரங்கய்யா அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். சாட்சி இவ்வளவு சுலபமாக மடிந்ததில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேசையிலிருந்த துணித்துண்டை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கி, செத்த எலியைக் காட்டுகிற மாதிரி கூடத்துக்குக் காட்டினார்.

"தொரை பார்க்கட்டும். கந்தல். உளி பிடிக்கத் தெரியாத எவனோ, சமையக்காரனோ எவனோ, பயந்துபோய்க் கைக்குக் கெடைச்ச கந்தலைத் திணிச்சு வச்சிருக்கான். இதை உன் கரை வேலைன்னு சொல்ல உனக்கே வெக்கமா இருக்காதா பெரியவரே?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். அரியமுத்துவும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்புக்காக வாயைத் திறந்தது போலத்தான் இருந்தது.

"கந்தல் இல்ல" என்றார்.

ரங்கய்யா புரியாமல் பார்த்தார்.

"கந்தல்னா உருவினா வரணும். ராயசத்தைக் கேளுங்க. வந்துச்சா? இரும்பு வச்சு நெம்பினோம். பயந்தவன் இப்படி முறுக்க மாட்டான். ஒரு முறுக்கு தளரல. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, உளி இல்லாம, குங்கிலியம் இல்லாம, ஆடுற கப்பல்ல, கடல் தள்ளத் தள்ள உள்ள இருந்து அடிச்சிருக்கான். என்னால முடியாது. நாற்பத்தஞ்சு வருஷ வேலைக்காரன், என்னால முடியாது. தீவு வரைக்கும் மிதந்து வந்துச்சுல்ல, உங்க சாரங்கு சொன்னாரே, எதனால மிதந்துச்சு?"

துரை முன்னால் குனிந்து எதையோ கேட்டார். அந்த ஆள் யாரென்று இந்தச் சாட்சிக்குத் தெரியுமா என்று துரை கேட்கிறார் என்றார் துபாஷி. அரியமுத்து தன் கையைப் பார்த்தார். அந்தக் கணம்கூடத் தெரியல என்று சொல்லியிருக்கலாம். வாசகம் தயாராகத்தான் இருந்தது, கண்ணு மங்கிப்போச்சு, கையும். வந்தது வேறு.

"எம் மவன். வைத்தி. எடது கைக்காரன்."

அதற்கப்புறம் எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சொன்னார். முறுக்கு, அடியின் சரிவு, இதே காதர்மீராவின் கீழ்ப்பலகையில் மகனும் தானும் போட்ட இடங்கள், பாய்மரத்துக்கு அடியில் போய்ப் பார்த்தால் அதே எதிர் முறுக்கில் பஞ்சுத் திரி ஒரு பாகம் இருக்கும் என்பது. மஸ்லின் தலைப்பாகையைச் சொன்னபோது மரைக்காயர் எழுந்து நின்றார், நின்றதை அவரே உணராதவர் போல. ரங்கய்யா உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ராயசம் எழுதினதைத் துபாஷி தமிழில் படித்துக் காட்டினார். சாட்சி அரியமுத்து, கலப்பத்து வேலை, பரங்கிப்பேட்டை வாசி, இந்தக் கப்பலைக் காதர்மீரா என்று தமக்கு நிச்சயமாய்த் தெரியும் என்கிறார். அதன் உள்பக்க அடைப்பு, கப்பலில் இறந்துபோன தம் குமாரனால் செய்யப்பட்டது என்கிறார். இவ்வளவுதான் இருந்தது. இறந்துபோன என்கிற சொல்லை அவர் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை, ராயசமாகப் போட்டுக்கொண்டது. அது தப்பில்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறார் என்று தோன்றியது. நல்ல வேலைன்னு எழுதலீங்களே என்று கேட்டார். அது வழக்குக்கு வேண்டாம் என்றார் துபாஷி. என்ன சொல்கிறான் என்று துரை கேட்க, துபாஷி சொன்னார். துரை கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதச் சொல்லித் தலையசைத்தார். இறகு ஓடி நின்றது. ராயசம் கீழே கோடு ஒன்று போட்டுக் காட்ட, கையெழுத்துக்குப் பதிலாக அந்த இடத்தில் அரியமுத்து கீறினார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பசிக்கிறதா, தாகமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கோட்டை வாசல் வரைக்கும் மரைக்காயர் கூடவே வந்தார். தீர்ப்பு வருகிற வரைக்கும் தான் இங்கேதான் இருக்கப்போவதாகவும், அதற்கப்புறம் மேர்கிப் பக்கம் போக ஒரு கப்பல் பார்க்கப் போவதாகவும் சொன்னார். ஏழு பேருக்கும் சேர்த்துத் தொழுவேன், உன் மகனுக்கும் உங்கள் வழக்கப்படி என்ன செய்யணுமோ சொல் என்றார். பிறகு, தென்காற்று நன்றாக இருக்கிறது, என் தோணி துறையில் நிற்கிறது, இப்போது ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பரங்கிப்பேட்டையில் இறங்கிவிடலாம் என்றார்.

அரியமுத்து காற்றைப் பார்த்தார். நல்ல காற்றுதான். கொடியை முழுக்க விரித்திருந்தது.

"அந்தத் தோணியில வேற யாரும் போறாங்களா மரைக்காயரே?"

"உனக்காகத்தான். ஏன்?"

"ஆள் யாரையும் அனுப்பாதீங்க. சேதி எங்கிட்டயே இருக்கட்டும்."

அனுப்பவில்லை, அல்லா மேல் ஆணை என்றார் மரைக்காயர். அரியமுத்து மேல்துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். நடந்தேதான் போகிறேன் என்றார். கொள்ளிடம் கடக்க வேண்டும், இந்த வயசில் ரெண்டு நாள் ஆகுமே என்று மரைக்காயர் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு நாள்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பச்சைவாழி பூ வைத்துக்கொள்கிற நாள்.